மெலனி வீட்டு மாதா

மாதா அழுகிறாள் என்ற செய்தி வந்தபோது அன்னமலர் சிட்னி, லிட்கம் பகுதியிலுள்ள தன் வீட்டுக் குசினியில் நின்று பாண் வெட்டிக்கொண்டிருந்தாள். போனில் நிஷானி. செபமாலைக் குழுவில் அன்னமலருக்கு அடுத்த ஆள் அவள்தான். நல்லதோ கெட்டதோ, முதல் ஆளாக ஓடி வந்து சொல்லாவிட்டால் நிஷானிக்குத் தலை வெடித்துவிடும்.

"அன்ரி, எங்கையாவது இருந்துகொண்டு கேளுங்கோ. எங்கட மடு மாதா கண்ணால எண்ணெய் வடிக்கிறா!"

அன்னமலர் கத்தியை வைத்துவிட்டுச் சிலுவை போடத் தொடங்கினாள்.

"மெலனி அன்ரி வீட்டில!"

நெற்றியில் தொடங்கிய சிலுவை தோளுக்குப் போகாமல் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. உள்ளதைச் சொன்னால், அந்த நேரம் அன்னமலருக்கு வந்தது பக்தி அல்ல, வயிற்றெரிச்சல். அதுவும் கலப்படமில்லாத வயிற்றெரிச்சல்.

மெலனி! கிறிஸ்மஸுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும் கோயிலைக் கண்டுபிடித்து வருகிறவள். வந்தாலும் பிரசங்கம் பாதி முடிந்த பிறகு, நாலு பேருடைய காரை மறித்துத் தன் காரை நிறுத்திவிட்டு வருவாள். செபமாலையில் எது சந்தோஷ இரகசியம், எது துக்க இரகசியம் என்று கேட்டால் போனை எடுத்துத் தேடுவாள். அவள் வீட்டிலா மாதா அழ வேண்டும்?

போதாக்குறைக்கு அவள் யோனின் ஒரே தங்கை. யோன் அன்னமலரின் கணவர், மூன்று வருடத்துக்கு முன் காலமானவர். பன்னிரண்டு வயது இளைய தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்தவர், பிறகு அவுஸ்திரேலியாவுக்கும் கூப்பிட்டவர். சனிக்கிழமைகளில் மீன் சந்தையிலிருந்து இரண்டு பையில் நண்டு வாங்கி வருவார். கனமான பை முதலில் மெலனி வீட்டுக்குப் போகும். மிச்சம்தான் அன்னமலரின் குசினிக்கு வரும். முப்பது வருடம் அந்தக் கோதுகளை உடைத்துத் தின்றவளுக்குத்தான் அதன் கசப்புத் தெரியும்.

மடு மாதா சுரூபம் அன்னமலரின் பொறுப்பில் இருந்தது. ஒன்றரை அடி உயர மரச் சுரூபம். இருபது வருடத்துக்கு முன் மன்னார் மடுக் கோயிலுக்குப் போன யோன் அதை மடியில் வைத்தபடியே விமானத்தில் கொண்டுவந்தார். மரச் சாமான் என்று விமான நிலையத்தில் பறித்து, பூச்சி இருக்கிறதா என்று பார்க்க இரண்டு கிழமை வைத்திருந்துதான் கொடுத்தார்கள். "எங்களைப் போலத்தான், மாதாவும் தடுப்பு முகாமில கிடந்துதான் உள்ளுக்க வந்தவ" என்று யோன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் பதினைந்தாம் திகதி மடுத் திருநாளுக்கு முன், ஜூலை தொடங்கி, சுரூபம் கிழமைக்கு ஒரு வீடாகப் போகும். முதல் கிழமை அன்னமலர் வீடு. அவள் துடைத்துத் துப்புரவாக்கி அடுத்த வீட்டுக்கு அனுப்புவாள். இந்த வருடம் அடுத்த வீடு மெலனியுடையது. மெலனி கேட்டது இதுதான் முதல் தடவை.

அன்னமலருக்கு மாதாவிடம் ஒரேயொரு கேள்வி இருந்தது. யோன் கரைசேர்ந்துவிட்டாரா?

யோன் அவளைக் கோயிலில் இறக்கிவிடுவாரே தவிர உள்ளே வரமாட்டார். பூசை முடியும்வரை காருக்குள் இருந்து கிரிக்கெட் கேட்பார். கேட்டால், "நீர் எனக்கும் சேர்த்துக் கும்பிடும்" என்பார். பிறகு ஈரலில் புற்றுநோய் வந்தது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரித் தாதி அன்னமலரை வெளியே கூப்பிட்டு, பாதிரியாரை வரச் சொல்லட்டுமா என்று கேட்டாள். சாகக் கிடக்கிறவருக்கு எண்ணெய் பூசிப் பாவ மன்னிப்புக் கொடுக்கும் அவஸ்தை பூசுதலுக்குத்தான். சுவாமியைக் கட்டிலடியில் கண்டால் மனிசன் தன் கதை முடிந்தது என்று பயந்துவிடுவார் என்று அன்னமலர் நினைத்தாள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்படி நினைக்கிறவர்கள்தான். இப்போது வேண்டாம், சனிக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள். வெள்ளி விடிய யோன் போய்விட்டார்.

அதை அவள் எவருக்கும் சொன்னதில்லை. சுவாமியிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொன்னாள். எண்ணெய் பூசாமல் போன ஆன்மா எங்கே போகும் என்று புத்தகங்களில் பார்த்தாள், சுவாமிமாரிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டாள். எல்லோரும் கடவுளின் இரக்கம் பெரியது என்றார்கள். பெரியதுதான், ஆனால் யோனுக்கு அது கிடைத்ததா என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே மூன்று ஜூலையாக, சுரூபம் தன் வீட்டில் இருக்கும் ஏழு நாளும் முழங்காலில் நின்று ஓர் அடையாளம் கேட்டாள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு மெழுகுதிரி அணையட்டும், ஒரு பூ விழட்டும். மெழுகுதிரி கடைசிவரை ஒழுங்காக எரிந்தது. பூ வாடியும் விழாமல் நின்றது. சில இரவுகளில், இது வெறும் மரம்தானோ என்ற எண்ணம் வந்துவிடும். உடனே பயந்துபோய் இன்னொரு ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை சொல்லுவாள்.

அப்படி இலவு காத்த கிளியாக அவள் இருக்க, மெலனி வீட்டில் மூன்றாம் நாளே எண்ணெய் வடிகிறதாம்.

அன்று பின்னேரம் நிஷானியின் காரில் இருவரும் மெலனி இருக்கும் மார்ஸ்டன் பார்க்குக்குப் போனார்கள். வாசலில் ஒரு கல்யாண வீட்டுக்குரிய செருப்புக் கிடந்தது. உள்ளே போனதும் அன்னமலர் மேல்கோட்டைக் கழற்றினாள். பிறகு ஸ்வெற்றரையும் கழற்றினாள். கூரையில் பதித்த ஹீற்றரிலிருந்து வீடு முழுக்கச் சூடு அடித்தது. வெளியே ஒன்பது பாகைக் குளிர், உள்ளே மெலனியின் பிள்ளைகள் அரைக் காற்சட்டையோடு ஓடித் திரிந்தார்கள். அன்னமலர் வீட்டில் யோனுக்குப் பிறகு ஹீற்றர் போடுவதில்லை. தனி ஆளுக்கு என்னத்துக்குச் சூடு என்று இரண்டு ஸ்வெற்றரோடு சமாளித்துக்கொள்வாள்.

மெலனி சுரூபத்துக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கு எண்ணெய் தொட்ட பஞ்சு கொடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது, ஆனால் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பார்க்கத்தான் அன்னமலரால் முடியவில்லை.

"மச்சாள்! வாங்கோ, வாங்கோ. உங்களுக்குத்தான் முதல் எடுத்தனான், நீங்கள் போனை எடுக்கேல்லை."

"வேலையாயிருந்தனான்" என்றாள் அன்னமலர். உண்மையில் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்காமல் விட்டாள்.

முழங்காலில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். மாதாவின் இடது கண்ணிலிருந்து பளபளவென்று ஒரு கோடு கன்னத்தால் இறங்கியிருந்தது. அவளுக்கும் உடம்பு சிலிர்த்தது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், எல்லாவற்றையும் மறந்து கும்பிட்டாள். அதற்குள் மெலனி ஒரு பஞ்சை அவள் கையில் வைத்தாள். விரலால் உருட்டிப் பார்த்தாள். ஊதுபத்தி வாசம் வந்தது, எண்ணெய்க்கென்று ஒரு வாசமும் இல்லை. மறுபடி அந்தக் கண்ணைப் பார்த்தாள். எண்ணெய் வந்தது கண்ணிலிருந்து அல்ல, கண்ணுக்குக் கீழே மயிரளவு ஓடிய ஒரு வெடிப்பிலிருந்து.

அந்த வெடிப்பு இருப்பது அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அதை அடைத்ததும் அவள்தான்.

அடுத்த நாள் காலை எழும்பியதும் முதல் வேலையாக, மூன்று வருடமாகப் போடாத ஹீற்றரைப் போட்டாள். குசினி அலுமாரியிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்து அதன் முன் வைத்தாள். தமிழ்க் கடை எண்ணெய் வாசத்துக்கு எறும்பு வரும் என்று, சூப்பர் மார்க்கெட்டில் பார்த்து வாங்கிய வாசமில்லாத எண்ணெய். சிட்னிக் குளிரில் அது வெண்ணெய்க் கட்டிபோல உறைந்து கிடக்கும். மரம் காய்ந்து வெடிப்பதைக் கண்டு, போன கிழமைதான் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் அந்த வெள்ளைக் கட்டியைத் தோண்டி வெடிப்புக்குள் திணித்திருந்தாள். மற்ற வருடங்களில் வெறும் துணியால் துடைப்பதோடு சரி. கால் மணித்தியாலம் போனது. போத்தலின் ஓரத்தில் எண்ணெய் இளகிக் கண்ணாடிபோலத் தெளிந்து இறங்கத் தொடங்கியது.

அன்னமலர் கதிரையில் சாய்ந்து சிரித்தாள். அடையாளமாம், அற்புதமாம்! தன் குளிர் வீட்டில் கட்டியாகக் கிடந்தது, மெலனியின் சூட்டு வீட்டில் உருகி வடிந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். மாதா மெலனியைத் தேடிப் போகவில்லை. அந்த நினைப்பு நெஞ்சில் பால் வார்த்தது. சிரித்து முடித்த பிறகு, தன் முறை வந்த கிழமையில் ஹீற்றரைப் போட்டிருந்தால் தன் வீட்டிலும் வடிந்திருக்குமே, தானும் நம்பியிருக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. அது அவ்வளவு நன்றாக இருக்கவில்லை.

இருந்தாலும் அவள் மெலனிக்குப் போன் எடுக்கவில்லை. தனியாகச் சொல்வதில் என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய ஃபாதர் அனோஜ் மெலனி வீட்டுக்கு வந்து பார்க்கப் போகிறார் என்று நிஷானி சொல்லியிருந்தாள். அன்னமலர் எண்ணெய்ப் போத்தலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஃபாதர் அனோஜ் இளம் சுவாமி. எதையும் அவசரப்பட்டு அற்புதம் என்று சொல்லாதவர், இல்லை என்றும் சட்டென்று சொல்லாதவர். சுரூபத்தை நன்றாகச் சுற்றிப் பார்த்தார். வீட்டில் முப்பது பேர் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அன்னமலர் அன்ரி, நீங்கள்தானே துப்புரவாக்கி அனுப்பினனீங்கள். ஏதும் பூசினனீங்களோ?"

அவள் கைப்பையிலிருந்து போத்தலை எடுத்து எல்லோருக்கும் தெரியக்கூடியதாக மேசையில் வைத்தாள். பிறகு வெடிப்பைக் காட்டினாள், பஞ்சுக் குச்சியைச் சொன்னாள், குளிரையும் சூட்டையும் சொன்னாள். ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல ஆறுதலாக, விளக்கமாகச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போதே அந்தச் சூட்டில் போத்தலின் ஓரம் இளகத் தொடங்கிவிட்டது.

"நான் அண்டைக்கே யோசிச்சனான்" என்றாள் நிஷானி, யோசிக்காதவள்.

யாரோ இருமினார்கள். ஒரு அங்கிள் சட்டைப் பையிலிருந்த பஞ்சை மெல்ல எடுத்துக் குப்பைக்கூடையைத் தேடினார். ஃபாதர், மாதா கண்ணீர் விட்டாலும் விடாவிட்டாலும் எங்களுடைய விசுவாசம் குறையாது என்று இரண்டு வசனம் சொல்லி, எல்லோரோடும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடித்தார். ஆட்கள் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போயிட்டு வாறம், போயிட்டு வாறம் என்று கலைந்தார்கள். மெலனியின் கணவன் எறிக் ஃபாதரைக் கொண்டுபோய் விடப் போனான்.

மெலனி எடுத்து வைத்த கோப்பைகளைத் தட்டோடு தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்னமலர் எதிர்பார்த்தது ஒரு சண்டை. அதற்கு மூன்று நாளாகப் பதில்கூடத் தயாராக்கி வைத்திருந்தாள். சண்டை வராதபடியால் போகவும் முடியாமல் மெலனிக்குப் பின்னால் குசினிக்குப் போனாள். மெலனி முப்பது கோப்பையையும் ஒவ்வொன்றாக அலுமாரியில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சம் முகத்தில் இல்லை.

"பொய்யொண்டை எத்தினை நாளைக்கு வைச்சிருக்கிறது, மெலனி?" என்று அன்னமலர்தான் தொடங்கினாள்.

"நான் பொய் சொல்லேல்லையே மச்சாள்."

"நீ சொன்னாய் எண்டு நான் சொல்லேல்லை."

"நான் ஒண்டு கேட்டனான். கேட்ட அடுத்த நாள் விடிய வடிஞ்சுது." மெலனி கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள். "அண்ணை மோட்சத்துக்குப் போயிட்டாரோ எண்டு கேட்டனான்."

அது அன்னமலரின் கேள்வி! மூன்று வருடமாகத் தனக்கு மட்டும் சொந்தமென்று வைத்திருந்த கேள்வி. அதையும் இவள் எடுத்துவிட்டாளா?

"நீ ஏன் அதைக் கேக்கிறாய்?"

"அவருக்கு அவஸ்தை பூசாமல் விட்டது நான்தானே."

"நீயோ?"

மெலனி அழுதுகொண்டே சொன்னாள். அந்த வியாழக்கிழமை மத்தியானம் யோன் ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்குப் போன் எடுத்திருக்கிறார். ஃபாதரைக் கூட்டிக்கொண்டு வா, எனக்குப் பூச வேணும் என்று கேட்டிருக்கிறார். மெலனிக்கு அடுத்த நாள் வேலை, பிள்ளைகளுக்கு நீச்சல். சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாறன் அண்ணை, அதுக்குள்ள என்ன அவசரம் என்று சொல்லியிருக்கிறாள்.

"சரியடா தங்கச்சி எண்டு சொன்னவர். அவ்வளவுதான். வெள்ளி விடிய நீங்கள் போன் எடுத்தனீங்கள்." மெலனி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "மூண்டு வரியமா எந்த முகத்தோட கோயிலுக்கு வாறது மச்சாள்? வந்தாலும் பின்னால நிண்டிட்டு ஓடியிடுவன். இந்த முறைதான் துணிஞ்சு மாதாவை வீட்டை கூப்பிட்டனான்."

அன்னமலருக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது. யோன் கேட்டிருக்கிறார். கிரிக்கெட் கேட்ட மனிசன், உள்ளே வராத மனிசன், தானாக வாய் திறந்து கேட்டிருக்கிறார். சந்தோஷம் வந்தது. அது வந்த அதே கதவால், விடாமல், மற்றதும் வந்தது.

"நான் பக்கத்தில இருந்தனானே. இரவு பகலா இருந்தனானே. என்னட்ட ஏன் கேக்கேல்லை? உன்னட்ட ஏன் கேட்டவர்?"

"உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவர் மச்சாள். 'ஃபாதரைக் கண்டா அவள் பயந்திடுவாள், நான் சாகப்போறன் எண்டு நினைப்பாள், அவள் கடைக்குப் போற நேரமாப் பாத்துக் கூட்டிக்கொண்டு வா' எண்டு சொன்னவர்."

அன்னமலர் கதிரையில் இருந்துவிட்டாள். அவர் பயப்படுவார் என்று அவள் கூப்பிடவில்லை. அவள் பயப்படுவாள் என்று அவர் அவளிடம் கேட்கவில்லை. ஒரே அறையில், ஒரே நாளில், ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அழுகை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுது முடிய, எவருக்கும் சொல்லாததை மெலனிக்குச் சொன்னாள். தாதி கேட்டதையும், தான் சனிக்கிழமை என்று சொன்னதையும் சொன்னாள்.

"நீங்களும் சனிக்கிழமையோ?" என்றாள் மெலனி.

"நானும்தான்."

ஹோலில் மாதா மேசையில் தனியாக நின்றாள். பக்கத்தில் எண்ணெய்ப் போத்தல் முழுவதும் உருகித் தண்ணீராக இருந்தது.

"எனக்கு ஒரு பதில் கிடைச்சிட்டுதெண்டு அஞ்சு நாள் நித்திரை கொண்டனான் மச்சாள்" என்றாள் மெலனி. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அன்னமலருக்குச் சுகமாக இருந்திருக்கும். "இனி நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

அன்னமலர் அவளைப் பார்த்தாள். அந்த முகத்திலிருந்த வெளிச்சத்தைத் தன் கையாலேயே அணைத்தது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எண்ணெய் மாதாவுடையது இல்லை என்று நிரூபிக்க வந்தவள், இவள் கேட்ட ஒரே கேள்விக்குக் கிடைத்த பதிலைப் பறித்துவிட்டாள். அதற்குப் பதிலாகக் கொடுக்க ஏதாவது வேண்டும். முப்பது வருடம் ஞானோபதேசம் படிப்பித்தவளின் வாயில் அது வந்தது.

"தண்ணி ஊத்த முந்திச் செத்தவனுக்கு ஆசை ஞானஸ்நானம் இருக்கெண்டு சின்னனில படிச்சனாங்களெல்லே. ஆசைப்பட்டாலே காணும், அது போதும் எண்டு. எண்ணெய் பூச முந்திச் செத்த மனிசனுக்கு மட்டும் அது இல்லையெண்டு கடவுள் கணக்குப் பாப்பாரே? உன்ர அண்ணை கேட்டவர், மெலனி. தானா வாய் திறந்து கேட்டவர். அது காணும்."

"உண்மையாவோ மச்சாள்?"

"ஓம்."

மெலனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் பழைய வெளிச்சம் கொஞ்சமாக, திரியைக் குறைத்து வைத்ததுபோலத் திரும்பி வந்தது.

அன்னமலர் அந்த 'ஓம்' என்ற சொல்லைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வருடம் முழங்கால் தேய நின்று அவள் காத்திருந்தது இந்த ஒரு சொல்லுக்குத்தான். கடைசியில் அது அவள் வாயிலிருந்தே வந்தது. வந்தும், யோனின் நண்டுப் பையைப்போல முதலில் மெலனி வீட்டுக்குத்தான் போனது. வயிறு இப்போதும் கொஞ்சம் எரியத்தான் செய்தது.

கதிரையை மெலனிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"அந்தப் போனில வேற என்ன சொன்னவர்?" என்று கேட்டாள். "முதலில இருந்து சொல்லு. ஒரு சொல்லும் விடாமச் சொல்லு."